இருபது சோடியம், ஒன்பது கட்டு முருங்கைக்காய்

டோக்கன் எத்தனண்ணே உங்களுது? அறுபத்தெட்டா. இப்பத்தான் நாப்பத்தொண்ணு ஓடுது. நின்னுக்கிட்டு இருந்தா மட்டும் சீக்கிரம் கூப்புட்ற மாட்டாய்ங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இங்கிட்டு வாங்க.

யாரு உள்ள இருக்கா? வீட்டுக்காரம்மாவா. சரியாப் போகும், மனச விட்றாதீங்க. எத்தனாவது மாடி? மூணுன்னா நல்லது, அங்க சிஸ்டருங்க தங்கமானவங்க. ரெண்டாவது மாடின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்.

என்னைய இங்க 'விசாரணை'ன்னு ஒரு போர்டப் போட்டு உக்கார வச்சிருக்காங்கன்னு சாதாரணமா நெனச்சுராதீங்க. அந்தா தெரியுது பாருங்க கண்ணாடிக் கூண்டு, அதுக்குள்ள இருபத்திரண்டு வருசம் பில்லிங் பாத்தவ நான். அங்கயற்கண்ணின்னு பேரச் சொல்லிக் கேட்டா இந்த மதுரையில பாதிப் பேரு சொல்லுவாங்க. ஆனி மாசம் மேனேஜர் கூப்புட்டாரு. "மேடம், ஜனங்ககிட்டப் பேசுறதுல உங்களுக்கு ஒரு தனித் திறமை இருக்கு, நீங்க முன்னாடி வந்துருங்க"ன்னாரு. பதவி உயர்வுதான். சம்பளம் கூடல. ஆனா ஃபேன் நேரா நம்ம தலைக்கு மேல.

எதுக்குச் சொல்றேன்னா, நீங்க கையில ஒரு பில்ல வச்சுக்கிட்டு அதயே பாத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. ஒரே நாளு, ஒரே டெஸ்ட்டு, ரெண்டு தடவ போட்டிருக்கேன்னுதான பாக்குறீங்க? சும்மா கேட்டேன். அதப் பத்தி நான் இனிமே பேசுறதில்லன்னு வச்சிருக்கேன். பேசுனா ரெம்ப நேரம் ஆகும்.

நீங்க கேக்குறீங்களேன்னு சொல்றேன்.

போன தை மாசம் ஒருத்தன் வந்தான். பில்ல வாங்குனான், வாசிச்சான். "ஏம்மா, ஒரே நாளு, ஒரே ரத்த டெஸ்ட்டு, ரெண்டு காசு போட்டிருக்க"ன்னான். பாத்தா ஆமா, ரெண்டு இருக்கு. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் அசையாம நின்னுச்சு, நான் இன்னொரு தடவ அமுக்கிட்டேன். மவுஸும் பழசு. அதச் சொல்லி முடிக்க விடலண்ணே அவன். வரிசையில நாப்பது பேரு நிக்கிறாங்க, அத்தன பேரு முன்னாடியும் "களவாணி"ன்னுட்டான். என்னைய. எங்கப்பா ரேஷன் கடையில எடை போட்டவரு. முப்பது வருசத்துல அவரு எடைய ஒரு ஆளு கொறை சொன்னதில்ல. சொன்னவனுக்கு அடுத்த மாசம் மண்ணெண்ணெய் கெடைக்காது, அது வேற. அப்பேர்ப்பட்ட குடும்பம்.

ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாம் நாளு வந்து ஒரு சட்டம் போட்டேன். ஒரு ஆளு, ஒரு நாளு, ஒரு டெஸ்ட்டு, ஒரு தடவ. அம்புட்டுத்தான். பில்லு வெளிய போறதுக்கு முன்னாடி கச்சா பில்லுன்னு ஒண்ணு என் கைக்கு வரும். ஒரு செவப்புப் பேனா வாங்குனேன். ஒரே பேரு, ஒரே தேதி, ஒரே டெஸ்ட்டு ரெண்டாவது தடவ கண்ணுல பட்டுச்சுன்னா ஒரு கோடு. மூணாவது இருந்தா இன்னொரு கோடு. யார்ட்டயும் கேக்கல. கேக்குறதுக்கு என்ன இருக்கு, கண்ணு முன்னாடிதான தெரியுது.

ஜனங்க என்னைய எப்படிக் கொண்டாடுனாங்கங்குறீங்க. "இந்தம்மாட்டப் பில்லு போட்டா கொறையும்"னு மூணு மாடிக்கும் பேரு போயிருச்சு. மத்த கவுன்டர்ல ஈ ஓட்டிக்கிட்டு இருக்காய்ங்க, என் முன்னாடி வாசல் வரைக்கும் வரிசை. ஒருத்தர் தூக்குவாளில பருத்திப்பால் கொண்டாந்து குடுத்தாரு. இந்தக் காலத்துல நேர்மைக்கு மதிப்பில்லன்னு சொல்றவங்க அந்த வரிசையப் பாத்திருக்கணும்.

அப்பத்தான் ஐசக் சார் வந்தாரு. ஐசக் ஜெயசிங், லேபுக்குப் பொறுப்பு அவருதான். கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுட்டு அதையே தேடிக்கிட்டு இருக்குற மனுசன். "மேடம், நாங்க ஓட்டுற டெஸ்ட்டுக்கும் உங்க பில்லுக்கும் கணக்கு ஒட்டவே மாட்டேங்குதே"ன்னாரு. "ஒரே ஆளுக்கு ஒரே டெஸ்ட்ட ஒரே நாளுல நாலு தடவ ஓட்டுனா எப்படி சார் ஒட்டும்? அது உங்க ஞாபக மறதி"ன்னேன். கோவிக்கல. "எதுக்கு நாலு தடவ ஓட்டுறோம்னு ஒரு தடவ வந்து கேட்டுட்டுப் போங்களேன்"ன்னாரு. ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வரும், நான் வரலன்னுட்டேன். என் வரிசையப் பாத்து அவருக்குப் பொறாமைன்னு அப்ப நெனச்சேன். இப்பவும் கொஞ்சம் அப்படித்தான் நெனைக்கிறேன்.

நாப்பத்தி மூணு கூப்புடுறாங்க. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

பங்குனியில சடையாண்டின்னு ஒரு பெரியவரச் சேத்தாங்க. மினி பஸ்ல கண்டக்டரா இருந்து வேலைய விட்டு நின்னவரு. ஒடம்புல உப்பு கொறஞ்சு போச்சு, சோடியம்னு சொல்லுவாங்க. அது கொறஞ்சா ஆளுக்கு நெதானம் தப்பிரும். இவருக்கு வார்டே பஸ்ஸாப் போச்சு. பக்கத்து பெட்டுக்காரர்ட்டச் சில்லறை இருக்கான்னு கேக்குறாரு. ரவுண்ட்ஸுக்கு வந்த பெரிய டாக்டரப் பாத்து "படியில நிக்காத, உள்ள போ"ன்னுருக்காரு. டாக்டரும் பேசாம ரெண்டடி உள்ள போனாராம்.

அஞ்சு நாளு இருந்தாரு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ சோடியம் பாக்கணும்னு டாக்டர் எழுதியிருந்தாரு. அஞ்சாம் நாளு முடியயில "வணக்கம் டாக்டர்"னு கும்புட்டாரு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அவரு சம்சாரம் விருமாயி. மார்க்கெட்டுல முருங்கைக்காய் விக்கிற அம்மா. மருமகன் எப்பவோ இவங்க ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் போட்டு வச்சிருந்தான். ஆனா முதல்ல நாம பில்லக் கட்டணும், அப்பறம் காகிதத்த அனுப்புனா கம்பெனிக்காரன் திருப்பித் தருவான். அந்தம்மா ரெண்டு கையில கெடந்த நாலு வளையலையும் கொண்டு போயி அடகு வச்சுட்டு வந்து நின்னுச்சு. என்ட்டயே சொல்லுச்சு, "மக மாசமா இருக்கா தாயி. வைகாசி பன்னெண்டு வளைகாப்பு. அதுக்குள்ள மீட்டுருவேன்ல? மகளுக்கு வளையல் போட்டு விடுற கை வெறுங்கையா இருந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக?"

எனக்கு மனசு கேக்கல. கச்சா பில்ல எடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு சோடியம், அஞ்சு நாளைக்கு இருபது. பேனாவ எடுத்து ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ண விட்டுட்டு பதினஞ்சு கோடு போட்டேன். ஒண்ணு முந்நூறு ரூவா. நாலாயிரத்து ஐநூறு மிச்சம். அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு "நீ நல்லா இருக்கணும்"னுச்சு. மறுநாளு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டாந்து கவுன்டர்ல வச்சுட்டுப் போச்சு.

சித்திரை பொறந்துச்சு. கம்பெனியில இருந்து பணம் வரல, கடுதாசி வந்துச்சு. என்னான்னு கேளுங்க. "டாக்டர் எழுதுன சம்மரியில ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ சோடியம் பாத்ததா இருக்கு. பில்லுல நாளைக்கு ஒண்ணுதான் இருக்கு. எது சரி? விளக்கம் வரும் வரை பணம் நிறுத்தி வைக்கப்படுகிறது." எனக்கு வந்துச்சே ஒரு கோவம். காசு கூடப் போட்டா கேளு, நாயம். கொறச்சுப் போட்டதுக்குக் கேள்வி கேக்குறவன எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? மேனேஜர் கதிரேசன் என்ன சொன்னாருன்னா, "மேடம், அவங்களுக்கு நம்ம டாக்டர் பொய் சொல்றாரா, பில்லு பொய் சொல்லுதான்னு சந்தேகம் வந்துருச்சு. இனி மொத்த எழுபத்திரண்டாயிரமும் நிக்கும்."

அன்னையில இருந்து விருமாயியம்மா வர ஆரம்பிச்சுச்சு. காலையில மார்க்கெட் வேலைய முடிச்சுட்டு பதினோரு மணிக்கு வரும். ஒரு கட்டு முருங்கைக்காய கவுன்டர்ல வைக்கும். எதுத்தாப்புல அந்தத் தூண் ஓரமா உக்காரும். திட்டணும்ல? திட்டல. திட்டுனா எனக்குப் பதில் சொல்லத் தெரியும், இருபத்திரண்டு வருசம் திட்டு வாங்கிப் பழக்கம். சும்மா உக்காந்து என்னையப் பாக்கும். நான் தலையத் தூக்குனா "வேலையப் பாரு தாயி, நான் இருக்கேன்"னு சொல்லும். அந்த வெறுங்கை ரெண்டும் மடியில கெடக்கும். அந்தக் கையப் பாத்துட்டு என்னால ஒரு பில்லு ஒழுங்கா அடிக்க முடியலண்ணே. அழுகை அழுகையா வந்துச்சு.

ஏழு நாளு வந்துச்சு. ஏழு கட்டு. வாங்க மாட்டேன்னா "விக்காம மிஞ்சுனதுதான்"னு சொல்லும், காயப் பாத்தா காலையில ஒடிச்சது. எங்க வீட்டுல சாம்பார், கூட்டு, பொரியல், குழம்பு எல்லாம் முருங்கைக்காய். ஏழாம் நாளு எங்க வீட்டுக்காரரு தட்டத் தள்ளி வச்சுட்டு, "அந்தம்மா பணத்த நானே குடுத்துர்றேன், ஆள விடு"ன்னாரு.

சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. ரெண்டாம் நாளே சரி பண்ணிட்டேன். கொறச்சாத்தான கேக்குறீங்க, முழுசாத் தர்றேன் பாருங்கன்னு லேப் நோட்ட ஒரு ஆள விட்டுக் கொண்டாரச் சொல்லி எண்ணுனேன். சடையாண்டி பேருல மொத்தம் இருபத்து மூணு சோடியம் ஓடியிருக்கு. இருபத்து மூணையும் பில்லுல ஏத்தி, சீல் குத்தி, கம்ப்யூட்டர்லயே அனுப்பிட்டேன். நாலே நாளுல அடுத்த கேள்வி. "ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னா அஞ்சு நாளைக்கு இருபது. மீதி மூணு யாருக்கு?" முதல்ல அஞ்சுன்னீங்க, இப்ப இருபத்து மூணுங்குறீங்கன்னு கீழ ஒரு வரி வேற. வைகாசி பன்னெண்டுக்கு அன்னைக்கு இருபத்தஞ்சு நாளு இருந்துச்சு. அந்தம்மா வெளிய தூண் ஓரமா உக்காந்திருக்கு.

வேற வழி இல்ல. மூக்கப் பொத்திக்கிட்டு லேபுக்குப் போனேன். ஐசக் சார் என்னையப் பாத்ததும் ஒரு ஸ்டூல எடுத்துப் போட்டாரு. பழசு ஒண்ணையும் சொல்லிக் காட்டல, அதுல எனக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான். டாக்டர் எழுதுன ஆர்டர் சீட்டு, நர்ஸம்மா எழுதுன சார்ட்டு, இவரு நோட்டு, மூணையும் வரிசையா விரிச்சு வச்சாரு.

"மேடம், அடுப்புல சாம்பார் இருக்கு. உப்புப் பத்தல. என்ன பண்ணுவீங்க?"

"சாம்பாரப் பத்திப் பேசாதீங்க சார்"னேன். அன்னைக்குக் காலையிலயும் அதான் சாப்புட்டு வந்திருந்தேன்.

"கொஞ்சம் போடுவீங்க, ருசி பாப்பீங்க. இன்னும் கொஞ்சம் போடுவீங்க, மறுபடி பாப்பீங்க. ஒரே தடவையில அள்ளிக் கொட்ட மாட்டீங்கள்ல? இவருக்கும் அதான். உப்பு ஒரேயடியா ஏறுனா மூளைக்கு ஆபத்து. ஒவ்வொரு தடவ பாத்துட்டுத்தான் டாக்டர் மருந்தக் கூட்டிக் கொறச்சாரு. காலையில ஆறு மணிக்கு எடுத்ததும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எடுத்ததும் ஒரே டெஸ்ட்டு இல்ல. பேருதான் ஒண்ணு. இந்த இருபதும் டாக்டர் கேட்டது, இருபதுக்கும் காசு வாங்கணும். பில்லுல பக்கத்துல மணியப் போட்டீங்கன்னா எவனும் கேக்க மாட்டான்."

"அப்ப அந்த மூணு?"

அவரு நோட்டத் திருப்பி மூணு எடத்தக் காட்டுனாரு. "ரெண்டு தடவ குழாய்க்குள்ளயே ரத்தம் உறைஞ்சு போச்சு, மறுபடி குத்தி எடுத்தோம். ஒரு தடவ மெஷின் காட்டுன நம்பர் மேல எனக்கே சந்தேகம், நானே இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தேன். அது எங்க கோளாறு. அதுக்கு அவங்க எதுக்குக் காசு குடுக்கணும்?"

ரெண்டு மணி நேரம் உக்காந்தோம். ஒவ்வொண்ணாத் தொட்டு, யாரு கேட்டா, எத்தன மணிக்கு எடுத்தாங்க, மறுபடி எடுத்தா எதுக்கு எடுத்தாங்க. இருபதுக்கும் மணி போட்டேன். மூணுக்குக் கோடு போட்டேன். அந்தச் செவப்புப் பேனா மொத மொத உருப்படியா வேலை செஞ்சது அன்னைக்குத்தான்னு ஐசக் சார் பின்னாடி யார்ட்டயோ சொன்னாராம். சொல்லிட்டுப் போகட்டும்.

வெளிய வந்து விருமாயியம்மாட்ட எடுத்துச் சொன்னேன். ரெம்பப் பொறுமையா, அதுக்குப் புரியணுமேன்னு. முழுசாக் கேட்டுச்சு. "இம்புட்டுத்தானா? ஒரே ஆளு காலையில ஒரு கட்டு வாங்கிட்டுப் போயி, பத்தாம சாயங்காலம் வந்து இன்னொரு கட்டு வாங்குனா ரெண்டுக்கும் காசு. நான் எடுத்துக் குடுக்கயில என் கையில ஒடிஞ்சு போச்சுன்னா வேற மாத்திக் குடுப்பேன், அதுக்கு எப்படிக் காசு கேக்குறது? எங்க மார்க்கெட்டுல எல்லாருக்கும் தெரியுமே"ன்னுச்சு. ஆஸ்பத்திரி வேற, மார்க்கெட் வேறன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வரல.

இன்னொரு தொல்லை இருந்துச்சு. பில்லு கூடிருச்சுல்ல, நான் மொதல்ல கொறச்ச நாலாயிரத்து ஐநூற அந்தம்மா கட்டுனாத்தான் புது ரசீது தர முடியும். ரசீது இல்லாம கம்பெனி அசையாது. "வாங்கிருங்க மேடம்"னு மேனேஜர் சொல்லிட்டாரு. வளையல வச்சுக் கட்டுன பொம்பளையிட்டப் போயி, நான் உனக்குப் புண்ணியம் பண்ணேன்ல, அந்தப் புண்ணியத்தத் திருப்பிக் குடுன்னா கேக்குறது? என்னால முடியல. சீட்டுக்குக் கட்ட வச்சிருந்த காச எடுத்துக் கட்டிட்டேன். ரசீத சடையாண்டி பேருல போட்டு, மத்த காகிதத்தோட வச்சு அனுப்பியாச்சு. அந்தம்மாட்ட மூச்சு விடல. எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, நீங்களும் சொல்லிறாதீங்க.

வைகாசி எட்டாந்தேதி பணம் வந்துருச்சு, முழுசா. பத்தாந்தேதி பதினோரு மணிக்கு விருமாயியம்மா வந்துச்சு. நாலு வளையலும் கையில கெடக்கு. கையத் தூக்கி ஆட்டிக் காட்டுச்சு, சின்னப் புள்ள மாதிரி. எனக்குச் சந்தோசம் தாங்கல. ஒரு கட்டு முருங்கைக்காய வச்சுச்சு. அது கணக்குக்கு ஒன்பதாவது கட்டு. அப்பறம் சுருக்குப்பையத் தொறந்து ஐநூறு ரூவாத் தாளா ஒன்பத எண்ணி அதுக்குப் பக்கத்துல வச்சுச்சு.

"என்னம்மா இது?"

"ஒன் காசு. நான் கட்டுனத விட நாலாயிரத்து ஐநூறு கூட வந்திருக்கு. நான் குடுக்காத காசு எனக்கு எப்படித் திரும்பி வரும்? ஒன்னைய விட்டா எனக்காக இங்க யாரு கட்டுவா?" சொல்லிட்டு எந்திரிச்சு நாலடி போயிட்டுத் திரும்பி வந்துச்சு. கோவமெல்லாம் இல்ல, சிரிச்ச முகமாத்தான் சொல்லுச்சு. "நீ நல்லவ தாயி. ஆனா நல்லவளா இருக்குறதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இம்புட்டு நடை நடந்திருக்க மாட்டேன்ல?"

அது எந்த அர்த்தத்துல சொல்லுச்சுன்னு எனக்கு இன்னும் சரியாப் பிடிபடல. பாராட்டுதான்னு நெனைக்கிறேன். ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போயி நான் நல்லா அழுதேன்.

அதுக்கப்பறம் மேனேஜர் தையில இருந்து நான் போட்ட பில்ல எல்லாம் எடுத்து வச்சு உக்காந்துட்டாரு. "ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் கோடு போட்டிருக்கீங்க மேடம்"னாரு. ஒவ்வொரு கோட்டையும் எண்ணிப் பாத்திருக்காரு பாருங்க, என் வேலைய அம்புட்டு உன்னிப்பாக் கவனிச்ச ஆளு இந்த ஆஸ்பத்திரியில வேற யாரும் இல்ல. அதுக்கப்பறந்தான் இந்தப் பதவி உயர்வு.

எங்க, அந்தப் பில்லக் காட்டுங்க. சும்மா பாக்கத்தான். கண்ணாடி, இங்கதான் வச்சேன். ஆங். பொட்டாசியம், நேத்துத் தேதி. கீழ மறுபடியும் பொட்டாசியம், அதே தேதி. பாத்தீங்களா, பாத்தீங்களா, நான் சொல்லல? பையில செவப்புப் பேனா இன்னும் வச்சிருக்கேன், இருங்க.

இருங்கண்ணே.

ரெண்டாவது தடவ எதுக்குக் குத்துனாங்க? கேட்டீங்களா? மருந்து குடுத்துட்டு எறங்கியிருக்கான்னு பாக்கன்னா அதுக்குக் காசு உண்டு, பேசாமக் கட்டிட்டுப் போங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, சிஸ்டர் என்ன சொன்னாங்க? முதல்ல எடுத்த ரத்தம் உறைஞ்சு போச்சுன்னா? கால் மணி நேரத்துல வந்து மறுபடி எடுத்தாங்களா? வீட்டுக்காரம்மாவே காதால கேட்டாங்களா?

அப்ப எந்திரிங்க. டோக்கன் கெடக்கட்டும், இன்னும் நாப்பத்தாறுதான் ஓடுது. அந்தக் கூண்டுக்குள்ள நான் கால் வைக்கக் கூடாதுன்னு மேனேஜர் எழுதியே குடுத்திருக்காரு. லேபுக்குப் போகக் கூடாதுன்னு எழுதல. வாங்க, ஐசக் சாரு நோட்டுல அது எழுதியிருக்கும். அவரு கண்ணாடியத் தேடி எடுக்குறதுக்குள்ள நாம போயிரலாம்.